சிமிலிபாலுக்கு எதற்கு வெளியூர்ப் புலி?

கேள்வி இதுதான்: ஒடிசாவின் சிமிலிபால் புலிகள் காப்பகத்தில் புலிகள் நன்றாகவே பெருகிவருகின்றன. காட்டில் வேறெங்கும் பார்க்க முடியாத கருப்புப் புலி அங்கே இருக்கிறது. பிறகு எதற்கு மகாராஷ்டிரத்திலிருந்து பெண்புலிகளைப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே விட்டார்கள்? மரபணு வேறுபாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். எல்லாம் ஒரே இனம்தானே, ஒரே இனத்துக்குள் அப்படி என்ன வேறுபாடு, அது குறைந்தால்தான் என்ன?

முதலில் அந்தக் கருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. அவை முழுக் கருப்பு அல்ல. புலிக்கு வழக்கமாக இருக்கும் கோடுகள் அகலமாகி, ஒன்றோடொன்று ஒட்டி, முதுகிலும் விலாவிலும் ஆரஞ்சு நிறத்தை ஏறக்குறைய மூடிவிடுகின்றன. கிட்டத்தில் எடுத்த படத்தைப் பார்த்தால் இடையிடையே ஆரஞ்சு கீற்றுக் கீற்றாகத் தெரியும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021-ல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டது. டாக்பெப் என்ற ஜீனில் (மரபணுவில்) டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சில வீட்டுப் பூனைகளுக்கு மெல்லிய கோடுகளுக்குப் பதிலாக விலாவில் பெரிய பெரிய சுழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுழிகளுக்கும், ஆப்பிரிக்காவில் ராஜ சிவிங்கி என்று அழைக்கப்படும் பட்டைபோட்ட சிவிங்கிப்புலிக்கும் இதே ஜீனில் நேர்ந்த வேறு மாற்றங்கள்தான் காரணம்.

இந்த மாற்றம் ஒடுங்கு வகையைச் சேர்ந்தது. அதாவது அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் மாறியவையாக இருந்தால்தான் குட்டி கருப்பாகப் பிறக்கும். ஒன்று மட்டும் வந்தால் அது சாதாரணப் புலி போலவே இருக்கும், ஆனால் மாற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த ஆய்வில் சிமிலிபாலுக்கு வெளியே ஏறத்தாழ 400 புலிகளைச் சோதித்தார்கள். ஒன்றிடம்கூட இந்த மாற்றம் இல்லை. சிமிலிபாலில் சோதித்த 12 புலிகளில் 10 அதைச் சுமந்தன. நம் வண்டலூர் பூங்காவில் பிறந்த கருப்புக் குட்டிகளின் வம்சாவளியைத் தோண்டிப் பார்த்தபோது அதுவும் சிமிலிபால் மூதாதையிடம்தான் போய் நின்றது. ஒடிசா அரசு 2023-24-ல் நடத்திய கணக்கெடுப்பின்படி சிமிலிபாலில் வளர்ந்த புலிகள் 27. அவற்றில் 13 கருப்பு.

நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத ஒரு மாற்றம், ஒரே காட்டில் பாதிப் புலிகளின் உடம்பில் வெளிப்படையாகத் தெரிகிறது. இது எப்படி நடக்கும்? கருப்பு நிறம் அடர்ந்த காட்டில் வேட்டைக்கு உதவியிருக்கலாம் என்ற வாதம் உண்டு, அதை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் அவ்வளவு தூரம் போகாமலே விளக்கம் கிடைத்துவிடுகிறது. அந்தக் காட்டில் புலிகள் ஒரு கட்டத்தில் மிகமிகக் குறைந்துபோயின. எஞ்சிய சிலவற்றில் ஏதோ ஒன்றிடம் இந்த மாற்றம் இருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு புலிக்காடு இல்லை, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அந்தச் சிலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமக்குள்ளேயே கூடிப் பெருகின. ஒருகாலத்தில் அபூர்வமாக இருந்தது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது.

உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நமக்கு இது புரியாத கணக்கல்ல. அக்கா மகளை மணந்தால், பிறக்கும் குழந்தையின் எந்த ஒரு ஜீனை எடுத்துக்கொண்டாலும் அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க 8-ல் 1 வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் என்றால் 16-ல் 1. ஏதாவது ஒரு கெட்ட பிரதியை எல்லோருமே சுமக்கிறோம். துணையிடம் அதே இடத்தில் நல்ல பிரதி இருக்கும்வரை அது வெளியே தெரியாது. உறவுக்குள் கட்டும்போது இரண்டு கெட்ட பிரதிகள் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் மனிதர்கள் அடுத்த தலைமுறையில் வெளியில் பெண் எடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 27 புலி உள்ள காட்டில், சுற்றிலும் ஊரும் வயலும் சுரங்கமும் இருக்கையில், வெளியில் பெண் எடுக்க எங்கே போவது?

கருப்பு நிறம் நோயல்ல, இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அது கண்ணுக்குத் தெரிகிற ஜீன், அதனால் நாம் கவனித்தோம். புலிகள் சிலவாகச் சுருங்கிய அதே கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத மற்ற ஆயிரக்கணக்கான ஜீன்களுக்கும் அதேதான் நடந்திருக்கும்: சில வகைகள் அடியோடு காணாமல் போயிருக்கும், சில வகைகள் நல்லதோ கெட்டதோ அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். இதயம், விந்தணு, நோய் எதிர்ப்பு சார்ந்தவையும் அதில் உண்டு. பாரிபதா அருகே கருப்புப் புலி சஃபாரி அமைக்கப்போவதாக ஒடிசா அரசு 2024 தொடக்கத்தில் அறிவித்தபோது எனக்குச் சற்று நெருடலாகத்தான் இருந்தது. ஆபத்தின் அறிகுறியையே காட்சிப்பொருளாக்குவது போன்ற வேலை அது.

வெள்ளைப் புலி விஷயத்தில் இதை ஏற்கெனவே செய்துவிட்டோம். 1951-ல் ரேவா மன்னர் பிடித்த மோகன் என்ற வெள்ளை ஆண்புலியை ஒரு சாதாரணப் பெண்புலியுடன் சேர்த்தபோது குட்டிகள் எல்லாம் ஆரஞ்சாகவே பிறந்தன. பிறகு அவனுடைய மகள் ராதாவுடனேயே அவனைச் சேர்த்தார்கள். 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகெங்கும் பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். வெள்ளைப் புலிகளுக்கு மாறுகண் இருப்பதை, உறவுக்குள்ளேயே கூடும் உட்கலப்பின் கேடு என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. நிறமி குறையும்போது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தடம் மாறுவதால் வருவது அது. உட்கலப்பின் பங்கு வேறு குறைகளில் இருக்கிறது.

சரி, எண்ணிக்கை ஏறுகிறதே, அது போதாதா? எண்ணிக்கை ஏறுவதும் வேறுபாடு திரும்புவதும் வேறு வேறு. ஒரு வகை ஜீன் கடைசியாக எந்தப் புலியிடம் இருந்ததோ அது செத்தால் அந்த வகையும் அதோடு போயிற்று. மிச்சமுள்ளவை ஆயிரமாகப் பெருகினாலும் அது வராது. புதிதாகச் சடுதிமாற்றம் வர வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஆகும், அல்லது வெளியிலிருந்து ஒரு விலங்கு கொண்டுவர வேண்டும். இழப்பின் வேகத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உண்மையில் இனப்பெருக்கத்தில் சமமாகப் பங்கெடுக்கும் விலங்குகள் 50 என்றால் ஒரு தலைமுறைக்கு எஞ்சிய வேறுபாட்டில் 1 சதவீதம் போகும். 10 என்றால் 5 சதவீதம். அந்த வேகத்தில் பத்துத் தலைமுறையில் 40 சதவீதம் போய்விடும். புலிக்கு ஒரு தலைமுறை என்பது சுமார் ஐந்தாண்டு. 27 வளர்ந்த புலி என்றால் 27-ம் குட்டி போடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். சில ஆண்புலிகள் எல்லையைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலான பெண்புலிகளோடு கூடிவிடும், மற்றவை வாய்ப்பே கிடைக்காமல் திரியும். தலை எண்ணிக்கையைவிட இந்தக் கணக்கில் வரும் எண் எப்போதும் சிறியது.

வேறுபாடு தேய்ந்தால் உடம்பில் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சாட்சி அமெரிக்காவின் ஃபுளோரிடா பூமா. 1990-களின் தொடக்கத்தில் தெற்கு ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளில் 20, 30 மட்டுமே எஞ்சியிருந்தன. வாலின் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. முதுகு நடுவே ரோமம் சுழி போட்டிருந்தது. இவை இரண்டும் தீங்கில்லாதவை. ஆனால் பல ஆண்களுக்கு விரை கீழிறங்கவில்லை, விந்தணுக்களில் மிகப் பெரும்பாலானவை உருக்குலைந்தவை, சிலவற்றுக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை. 1995-ல் டெக்ஸாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் 5 குட்டி போட்டன. அந்தக் குட்டிகள் கலப்பில்லாத குட்டிகளைவிட அதிகம் பிழைத்தன, வளைந்த வாலும் இதய ஓட்டையும் குறைந்தன, சில ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்கானது. இத்தனைக்கும் பிறகு டெக்ஸாஸ் பெண்களில் எஞ்சியவற்றைக் காட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவற்றின் ஜீன்களே எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது என்பதற்காக.

அந்தக் கடைசி எச்சரிக்கை எதற்கு என்பது அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவு ஓநாய்களைப் பார்த்தால் விளங்கும். 1940-களின் இறுதியில் உறைந்த ஏரிமேல் நடந்து சில ஓநாய்கள் தீவுக்கு வந்து சேர்ந்தன. 1980-ல் 50 ஆயின. அப்போது நாய்களிடமிருந்து பார்வோ வைரஸ் தொற்றி, இரண்டே ஆண்டில் 14-க்கு விழுந்தன. அதன்பின் எண்ணிக்கை பழைய அளவுக்குத் தேறவேயில்லை. 1997-ல் பனிப்பாலம் உறைந்தபோது கரையிலிருந்து ஓர் ஆண் ஓநாய் நடந்து வந்தது. உள்ளூர் ஓநாய்களைவிடப் பெரியது, வந்த வேகத்தில் ஒரு கூட்டத்தையே பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் அதனால் நன்மைதான். ஆனால் அது அவ்வளவு வெற்றிகரமாக இருந்ததே வினையாயிற்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தீவின் மொத்த ஓநாய் ஜீன்களில் பாதிக்கும் மேல் அதனுடையவையாகிவிட்டன. துணை செத்தபின் தன் மகளுடனேயே அது கூடியது. அதனிடமிருந்த மறைந்த கெட்ட பிரதிகள் எல்லாம் பேரப்பிள்ளைகளிடம் வந்து சந்தித்தன. முதுகெலும்பு கோணலான ஓநாய்கள் கூடின. 2016-ல் தீவில் எஞ்சியவை இரண்டே ஓநாய்கள்: அப்பனும் மகளும், அதே நேரத்தில் ஒரே தாய்க்குப் பிறந்தவர்களும். 2018-19-ல் 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் தீவு மறுபடி உயிர்பெற்றது. வெப்பம் கூடிவருவதால் ஏரி முன்புபோல் அடிக்கடி உறைவதில்லை. ஒரே ஓர் ஓநாய் வந்தால் போதாது, அவ்வப்போது வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கிடைத்த பாடம். ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு வெளி விலங்கு வந்து குட்டி போட்டால் போதும் என்பது மரபியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லும் தோராயக் கணக்கு.

எதிர்வாதத்தையும் மறைக்கக் கூடாது. வேறுபாடு இல்லாமலும் பிழைத்திருக்கும் விலங்குகள் உண்டு. வட பசிபிக்கின் யானைச் சீல்களை எண்ணெய்க்காகக் கொன்று 1890-களில் சில பத்துகளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 1974-ல் அவற்றின் ரத்தப் புரதங்களை ஆராய்ந்தபோது வேறுபாடு என்று ஒன்றுமே தென்படவில்லை. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் பத்தை ஒட்டியே எஞ்சியிருக்கும் வகீட்டா என்ற சிறிய கடற்பன்றி இன்னும் விசித்திரம். அது பல்லாயிரம் ஆண்டுகளாகவே சிறு கூட்டமாக வாழ்ந்துவந்தது. அதனால் கெட்ட பிரதிகள் அவ்வப்போது வெளிப்பட்டு, அவற்றைச் சுமந்தவை செத்து, ஓரளவு கழிந்துபோய்விட்டன. அது சிக்கிச் சாகும் செவுள்வலைகளை மீனவர்கள் போடுவதை முழுதாக நிறுத்தினால் அது மீளும் என்று 2022-ல் அதன் மரபணு ஆய்வு சொன்னது. ஆக, "வேறுபாடு குறைந்துவிட்டது, இனி இந்த இனம் அவ்வளவுதான்" என்று கைவிடுவதற்கு மரபியலைச் சாக்காகச் சொல்லக் கூடாது. ஆனால் புலி வகீட்டா அல்ல. நேற்றுவரை பெருங்கூட்டமாக இருந்து, நூறு நூற்றைம்பது ஆண்டில் திடீரென்று சுருக்கப்பட்ட விலங்கு அது. மறைந்த கெட்ட பிரதிகள் கழிய நேரமே கிடைக்கவில்லை. யானைச் சீலையும் ஒரு பெரிய கொள்ளைநோய் வந்து பரிசோதித்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

சிவிங்கிப்புலியை அப்படி ஒரு நோய் பரிசோதித்தது. 1980-களில் ஒன்றுக்கொன்று உறவில்லாத சிவிங்கிகளுக்கிடையே தோலை ஒட்டிப் பார்த்தார்கள். பொதுவாக அந்நியத் தோலை உடம்பு ஓரிரு வாரத்தில் தள்ளிவிடும். இவை தள்ளவில்லை, இன்னொன்றின் தோலைத் தன் தோலாகவே எடுத்துக்கொண்டன. அந்த அளவுக்கு நோய் எதிர்ப்பு ஜீன்கள் ஒன்றுபோல் இருந்தன. அதற்குச் சற்று முன்புதான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பூங்கா ஒன்றில் ஒரு கொரோனா வைரஸ் நுழைந்து சிவிங்கிகளில் பாதிக்கும் மேல் கொன்றிருந்தது. வீட்டுப் பூனைகளில் அதே வகை வைரஸ் சிலவற்றை மட்டும் வீழ்த்தும், மற்றவை தப்பிவிடும். வேறுபாட்டின் பயன் இங்கேதான் இருக்கிறது. ஒரு கிருமி ஒருவனின் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டாலும் பக்கத்து வீட்டுப் பூட்டு வேறாக இருக்க வேண்டும்.

பயிரிலும் இதே கதைதான், அதுவும் நம் தட்டுவரை வந்த கதை. 1970-களில் புகையான் பூச்சி மூலம் பரவிய ஒரு வைரஸ், ஆசிய நாடுகளில் புதிய குட்டை ரக நெற்பயிர்களைப் புல்போலக் குறுக்கிக் கதிரில்லாமல் ஆக்கியது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் விதைச் சேகரிப்பில் 6,000-க்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தது. அந்த வைரஸைத் தாங்கும் தன்மை கிடைத்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்துவைத்திருந்த ஒரே ஒரு காட்டு நெல்லில், ஓரைசா நிவாராவில். சாப்பிடுவதற்கு ஒன்றுக்கும் ஆகாத, கதிர் முற்றியதும் தானே உதிர்ந்துவிடும் களை நெல் அது. அதைக் கலந்து உருவாக்கிய ரகங்களில் ஐ.ஆர்.36 ஒருகாலத்தில் உலகிலேயே அதிகப் பரப்பில் விளைந்த நெல்லாக இருந்தது. அந்தக் களையை யாரோ சேகரித்துவைக்காமல் விட்டிருந்தால்? வாழையில் இன்னும் நிலைமை மோசம். பக்கக்கன்று வைத்துப் பயிரிடுவதால் ஒரு தோட்டத்து ரஸ்தாளி முழுக்க ஒரே மரத்தின் நகல்தான். வாடல் நோய் மண்ணில் ஏறிவிட்டால் ஒவ்வொன்றாகத் தாக்க வேண்டியதே இல்லை, ஒன்றை வீழ்த்தும் வழி எல்லாவற்றையும் வீழ்த்தும் வழிதான்.

இனி சிமிலிபாலுக்கு வருவோம். 2024 அக்டோபரில் ஜமுனா, நவம்பரில் ஜீனத் என்று இரண்டு இளம் பெண்புலிகளை மகாராஷ்டிரத்தின் தடோபா புலிக்காட்டிலிருந்து கொண்டுவந்து, கொஞ்ச நாள் அடைப்பில் பழக்கி, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி விட்டார்கள். ஜீனத் டிசம்பர் தொடக்கத்தில் காட்டைவிட்டு வெளியேறி ஜார்க்கண்டுக்குள் போனாள், அங்கிருந்து மேற்கு வங்கத்தின் ஜார்கிராம், புருலியா, பாங்குரா என்று மூன்று வாரம் போக்குக் காட்டினாள். டிசம்பர் 29-ல் பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பரிசோதித்துத் திருப்பி அனுப்பினார்கள். இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலி செய்ய ஒன்றும் தெரியவில்லை. இளம் புலி பிறந்த இடத்தைவிட்டு நடப்பதுதான் இயல்பு. காடுகள் தொடர்ந்து இருந்த காலத்தில் இந்த நடைதான் ஒரு காட்டுக் குருதியை இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோனது. இப்போது அது நடந்தால் மூன்று மாநில வனத்துறையும் வலையோடு ஓட வேண்டியிருக்கிறது. லாரியில் ஏற்றிவந்து விடுவது இரண்டாந்தரமான வழிதான். மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் உள்ள பெஞ்ச் புலிக்காட்டின் வழியாகப் போகும் 44-வது தேசிய நெடுஞ்சாலையில் மேம்பாலங்களாகத் தூக்கிக் கட்டி அடியில் விலங்குகள் நடக்க விட்டிருக்கிறார்களே, அதுதான் முதல்தரமான வழி. புலிகள் அதற்கடியில் நடந்துபோவது கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. சிமிலிபாலைச் சுற்றி அப்படி ஒரு தொடர்ச்சி இப்போதைக்கு இல்லை.

"வெளிப் புலியைக் கலந்தால் சிமிலிபாலின் தனித்தன்மை போய்விடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஃபுளோரிடாவிலும் இதே எதிர்ப்பு எழுந்தது. தடோபாப் புலியும் சிமிலிபால் புலியும் பல லட்சம் ஆண்டு தனித்தனியாக வளர்ந்த இனங்களாக இருந்தால் இது நியாயமான கவலை. இரண்டும் ஒரே வங்கப் புலி, அவற்றைப் பிரித்தது நாம் வெட்டிய காடு. கருப்பு நிறத்துக்கும் ஆபத்தில்லை. தடோபாப் பெண்புலியிடம் அந்த மாற்றம் இல்லை என்பதால், அவள் கருப்பு ஆணுடனே கூடினாலும் முதல் ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் ஆரஞ்சாகவே பிறக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிரதியை மட்டும் மறைவாகச் சுமந்துகொண்டு. அந்தக் குட்டிகள் வளர்ந்து கருப்புப் புலியுடனோ மாற்றத்தைச் சுமக்கும் இன்னொன்றுடனோ கூடும்போது கருப்பு மறுபடி தலைகாட்டும், முன்பைவிடக் குறைவாக. எனவே ஜமுனாவோ ஜீனத்தோ குட்டியோடு கேமராவில் சிக்கி, குட்டிகள் எல்லாம் சாதாரண நிறமாக இருந்தால், திட்டம் தோற்றுவிட்டது என்று யாராவது எழுதக்கூடும். அவர்கள் அந்தக் குட்டிகளின் மலத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு எழுதட்டும்.